மின்நிலையத்துக்குப் பராமரிப்பு மென்பொருள் வாங்குகிறீர்களா? உங்கள் நிலக்கரி மில் வேலை ஒன்றை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்

நிலக்கரியில் ஓடும் அனல்மின் நிலையம் ஒன்றின் பராமரிப்புத் திட்டமிடல் பிரிவில் வேலை செய்கிறேன். ‘பிளானிங் செல்’ என்றுதான் எல்லோரும் சொல்வோம். பழைய பராமரிப்பு மென்பொருளை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று வாங்குவது என்று நிர்வாகம் முடிவு செய்தபோது, தேர்வுக் குழுவில் என்னையும் சேர்த்தார்கள். படித்துப் பார்க்கலாமே என்று தேடினால் தமிழில் இதைப் பற்றி உருப்படியாக எதுவும் கிடைக்கவில்லை. ஆங்கிலத்தில் கிடைத்ததில் பெரும்பகுதி விற்பவர்களே எழுதியது. நம் ஊர் நிலையங்களில், சர்க்கரை ஆலைகளில் நீராவியோடு மின்சாரமும் எடுக்கும் கோஜெனரேஷன் யூனிட்டுகளில், காற்றாலை, சோலார் பராமரிப்பில் இருக்கும் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது ஏன் பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 500 மெகாவாட் யூனிட் (பாய்லர், டர்பைன், ஜெனரேட்டர் சேர்ந்த ஒரு தொகுதி) ஒரு நாள் முழுக்க நின்றால் 1 கோடியே 20 லட்சம் யூனிட் மின்சாரம் போய்விடுகிறது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண விதிகளில், நிலக்கரி நிலையம் தன் நிலைக்கட்டணத்தை முழுதாகப் பெற வேண்டுமென்றால் பெரும்பாலும் 85 சதவீதம் அவெய்லபிலிட்டி காட்டியாக வேண்டும். யூனிட் ஓடியதா என்பதோடு, ஓடும் நிலையில் இருந்ததா என்பதும் அங்கே கணக்கு. அந்த நிலையைக் காப்பாற்றுவது பராமரிப்பு. எந்த மெஷினுக்கு எப்போது என்ன செய்தோம், அடுத்து எப்போது செய்ய வேண்டும் என்ற நினைவு முழுக்க இந்த மென்பொருளில்தான் இருக்கப்போகிறது. அனுபவசாலிகள் ஓய்வுபெறும்போது அந்த நினைவும் அவர்களோடு வெளியே போவதைப் பார்த்தவன் என்ற முறையில், இதை ஐடி துறையின் கொள்முதல் விஷயமாக மட்டும் விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

சந்தையில் இருக்கும் பெயர்கள் பலருக்கும் தெரிந்தவைதான். சாப் (SAP) பயன்படுத்தும் நிறுவனமாக இருந்தால் அதன் பிளான்ட் மெயின்டனன்ஸ் பகுதி, ஐபிஎம்மின் மாக்சிமோ, ஆரக்கிள், ஐஎஃப்எஸ், இன்ஃபோரிடம் இருந்து 2021-ல் ஹெக்ஸகனுக்குப் போன இஏஎம், சென்னையிலிருந்தே வரும் ராம்கோ. சிறிய நிலையங்களுக்கு, மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட் போன்ற திறந்த மூல மென்பொருள்களும் உண்டு. இவற்றில் எது சிறந்தது என்று கேட்டால் என்னிடம் ஒரே பதிலாகக் கிடையாது. கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: விற்பவர் காட்டும் டெமோவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உங்கள் நிலையத்தில் உண்மையில் நடந்த ஒரு வேலையைக் கொடுத்து, டிஃபெக்ட் (கோளாறு) பதிவதிலிருந்து வேலையை மூடும் வரை, உங்கள் ஆட்களை வைத்தே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். குழுவில் நடந்த வாதங்களில் பாதி அதிலேயே தீர்ந்துவிட்டது.

டெமோவில் எப்போதும் ஒரு பம்ப் வரும். பளபளவென்று பெயின்ட் அடித்த பம்ப். அதற்கு ஒரு வேலை ஆணை போடுவார்கள், ஒருவர் பெயரைத் தேர்ந்தெடுப்பார்கள், பச்சை நிறத்தில் ‘முடிந்தது’ என்று வரும். எல்லா மென்பொருளும் இதைச் செய்யும். நாங்கள் கொடுத்தது சி மில்லில் (நிலக்கரியைப் பொடியாக அரைக்கும் எந்திரங்களில் ஒன்று) கிரைண்டிங் ரோல் மாற்றிய வேலை. இந்திய நிலக்கரியில் சாம்பல் அதிகம், அது மில்லை அரித்துத் தின்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ரோல் தேயத் தேய, அரைபடாமல் வெளியேறும் ரிஜெக்ட் அதிகமாகும், பொடியின் நைசு குறையும். 200 மெஷ் சல்லடையில் 70 சதவீதம் இறங்க வேண்டியது இறங்காது. ஆபரேஷன் ஷிப்டில் இருப்பவர் டிஃபெக்ட் போடுவார். அங்கே தொடங்குகிறது கதை.

மெக்கானிக்கல் பிரிவு பெர்மிட் (வேலை செய்ய அனுமதிச் சீட்டு) கேட்கிறது. அதைக் கொடுப்பதற்கு முன் ஃபீடரை (மில்லுக்குக் கரி ஊட்டும் கருவி) நிறுத்தி, பங்கர் (கரித்தொட்டி) கேட்டை மூடி, ஹாட் ஏர், கோல்ட் ஏர், சீல் ஏர், டிஸ்சார்ஜ் வால்வு என ஒவ்வொன்றையும் அடைத்துப் பூட்டி, மோட்டார் பிரேக்கரை (மின்சாரம் தரும் சுவிட்ச்) வெளியே இழுத்து, அதாவது ரேக் அவுட் செய்து, எச்சரிக்கை டேக் மாட்ட வேண்டும். மில் நிற்கிறதே, இதுதான் சமயம் என்று எலக்ட்ரிக்கல் பிரிவு மோட்டாருக்கு ஒரு பெர்மிட் கேட்கும். சி அண்ட் ஐ (கண்ட்ரோல், அளவீட்டுக் கருவிகள்) பிரிவு டெம்பரேச்சர் எலிமென்ட் மாற்ற இன்னொன்று கேட்கும். மூன்று பெர்மிட், ஆனால் ஐசொலேஷன் புள்ளிகள், அதாவது அடைத்துப் பூட்டிய இடங்கள், பலவும் மூன்றுக்கும் பொது. எலக்ட்ரிக்கல்காரர் வேலையை முடித்துப் பெர்மிட்டைத் திருப்பிக் கொடுத்தவுடன் பிரேக்கரை உள்ளே தள்ளச் சொன்னால் என்ன ஆகும்? மில்லுக்குள்ளே ஆள் இருக்கிறார். மற்ற இரண்டு பெர்மிட்டும் திரும்பும் வரை அந்த டேக்கைக் கழற்ற மென்பொருள் விடக்கூடாது. கழற்றப் பார்த்தால், எந்தப் பெர்மிட் இன்னும் யார் கையில் இருக்கிறது என்று பெயரோடு காட்ட வேண்டும்.

இதைவிடச் சிக்கலான இடம் ஒன்று இருக்கிறது. மோட்டாரின் கப்ளிங்கைக் கழற்றிவிட்டுத் தனியாக ஓட்டிப் பார்க்க வேண்டும். அதற்குப் பிரேக்கரைத் தற்காலிகமாக உள்ளே தள்ளி, ஓட்டி, பிறகு மறுபடி வெளியே எடுத்து டேக் மாட்ட வேண்டும். அந்த இடைவேளையில் மற்ற பெர்மிட்டுகள் நிறுத்தி வைக்கப்பட வேண்டும், மில்லுக்குள்ளிருந்து எல்லோரும் வெளியே வந்துவிட்டதை அந்தந்தப் பிரிவுக்காரர் கையெழுத்திட்டுச் சொல்ல வேண்டும். காகிதத்தில் இதைச் செய்யும்போது ஷிப்ட் இன்சார்ஜின் அனுபவம்தான் காப்பாற்றும். மென்பொருள் வந்த பிறகும் அவர் அனுபவத்தையே நம்பித்தான் இருக்கிறோம் என்றால் எதற்குக் காசு கொடுக்கிறோம்?

வந்த நிறுவனங்களை இந்த இடத்தில் நிறுத்தியபோது வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது. ஒருவரிடம் பெர்மிட் என்பது வேலை ஆணையோடு ஒட்டிவைக்கும் ஒரு படிவம், அவ்வளவுதான். ‘பிரிண்ட் எடுத்துக் கையெழுத்து வாங்கி ஸ்கேன் செய்து போட்டுவிடலாம் சார்’ என்றார்கள். இன்னொருவரிடம் ஐசொலேஷன் வசதி இருந்தது, ஆனால் அது தனித் தயாரிப்பு, விலை தனி. முதல் விலைப்பட்டியலில் அது இல்லை. மூன்றாவது ஆளிடம் மட்டும் ஐசொலேஷன் புள்ளி ஒவ்வொன்றும் தனிப் பதிவாக இருந்தது, எத்தனை பெர்மிட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அதுவே எண்ணியது. இந்தப் பகுதி பல பெரிய மென்பொருள்களில் தனிப் பெயரோடுதான் வரும். சாப்பில் ‘ஒர்க் கிளியரன்ஸ் மேனேஜ்மென்ட்’ என்பார்கள். தொழிற்சாலைகளுக்கென்று பொதுவாகச் செய்த மென்பொருளுக்கும் மின்நிலையத்துக்கு உதவும் மென்பொருளுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்பது என் கருத்து. விலைப்பட்டியல் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள். பின்னால் கேட்டால் பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

சரி, அடுத்தது பெயர் வைக்கும் விஷயம். கேட்க அலுப்பாக இருக்கும், ஆனால் வேலையில் கிட்டத்தட்ட பாதி இதுதான்.

மின்நிலையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அடையாள எண் வேண்டும். ஜெர்மனியில் உருவான கேகேஎஸ் முறை இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதில் எல்ஏசி என்று தொடங்கினால் ஃபீட் வாட்டர் பம்ப் சார்ந்தது, ஹெச்எஃப்சி என்றால் மில், ஹெச்என்சி என்றால் பாய்லர் புகையை வெளியே இழுக்கும் ஐடி ஃபேன். அதற்குப் பின்னால் ஏபி வந்தால் பம்ப், ஏஏ வந்தால் வால்வு, சிடி வந்தால் வெப்பநிலை அளவீடு. டிராயிங்கிலும் கண்ட்ரோல் ரூம் திரையிலும் மெஷின் மேல் தொங்கும் தகட்டிலும் ஒரே எண் இருந்தால் பாதிக் குழப்பம் போய்விடும். பழைய யூனிட்டுகள் பலவற்றில் இந்த முறை கிடையாது. அந்தந்த நிலையத்துக்காரர்கள் வைத்த பெயர்தான். அப்படியிருந்தால் பரவாயில்லை, இருக்கிற முறையையே ஒழுங்கு செய்துகொள்ளலாம். ஆனால் மென்பொருள் வாங்கும் முன்பே அதைச் செய்ய வேண்டும். ‘டேட்டாவை எக்செலில் போட்டுக் கொடுத்துவிடுங்கள், நாங்கள் ஏற்றிவிடுகிறோம்’ என்று விற்பவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார். அந்த எக்செலை நிரப்ப ஆட்கள் பாய்லரின் எல்லாத் தளத்துக்கும் ஏறி, ஒவ்வொரு வால்வின் தகட்டையும் துடைத்துப் படித்து வர வேண்டும் என்பதை அவர் சொல்ல மாட்டார். இதற்கு ஆளும் நேரமும் தனியாக ஒதுக்கச் சொல்லி நிர்வாகத்திடம் முதலிலேயே எழுத்தில் வாங்குங்கள்.

அப்புறம், இடம் வேறு, கருவி வேறு என்பதை மென்பொருள் புரிந்துகொள்கிறதா என்று பாருங்கள். ‘சி மில் மோட்டார்’ என்பது ஓர் இடம். அந்த இடத்தில் இன்று உட்கார்ந்திருக்கும் மோட்டார், சீரியல் எண் உள்ள ஒரு தனிக் கருவி. அது எரிந்தால் ரீவைண்டிங்குக்குப் போகும், திரும்பி வரும்போது ஸ்பேராக ஸ்டோரில் இருக்கும், பிறகு ஒரு நாள் எஃப் மில்லில் ஏறும். ரீவைண்ட் செய்த அந்த மோட்டார் எங்கே போனாலும் டிரைவ் எண்ட் பியரிங் சூடாகிறது என்றால், கோளாறு மில்லில் இல்லை, மோட்டாரில். வரலாறு இடத்தோடு மட்டும் ஒட்டியிருந்தால் இது கடைசி வரை தெரியாது. எங்கள் சோதனையில் ஒரு மோட்டாரை சி-யிலிருந்து எடுத்து, ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்பி, எஃப்-ல் ஏற்றி, ‘இப்போது இதன் முழு வரலாற்றைக் காட்டுங்கள்’ என்று கேட்டோம். பெரிய மென்பொருள்கள் இதை எளிதாகச் செய்தன. மலிவான ஒன்றில் பழைய வரலாறு சி மில்லிலேயே தங்கிவிட்டது. அதை அங்கேயே பட்டியலிலிருந்து எடுத்துவிட்டோம்.

பாய்லர் ட்யூப் லீக் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நிலக்கரி நிலையங்களில் யூனிட் திடீரென்று நிற்பதற்கு இதுதான் முதன்மைக் காரணம். எகனாமைசரில் (பாய்லருக்குப் போகும் நீரைப் புகையின் சூட்டில் சூடாக்கும் குழாய்த் தொகுதி) லீக் என்றால், எந்தக் காயில் (குழாய்ச் சுருள்), இடமிருந்து எத்தனையாவது, எந்த உயரத்தில், எத்தனை மில்லிமீட்டர் தடிமன் மிச்சம், சாம்பல் அரிப்பா, நீண்டநாள் சூடா, வெல்டிங் குறையா, பக்கத்து ட்யூபை லீக் நீராவி அறுத்ததா என்றெல்லாம் பதிய வேண்டும். அடுத்த ஓவர்ஹாலில் (யூனிட்டை நிறுத்திச் செய்யும் பெரிய பராமரிப்பு) எந்தக் காயில்களின் தடிமனை அளப்பது, எங்கே ஷீல்டு போடுவது என்பதை இந்தப் பதிவுதான் முடிவு செய்யும். பொதுவான மென்பொருளில் ‘எகனாமைசர்’ என்ற ஒரே கருவிக்குக் கீழே எல்லா லீக்கும் வரிசையாகக் கிடக்கும். விளக்கம் எழுதும் பெட்டியில் யாராவது காயில் எண்ணை எழுதியிருந்தால் உண்டு. ட்யூப்களை வரைபடமாகவே காட்டி, தொட்டுப் பதியும் வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் குறைந்தபட்சம் காயில் எண், ட்யூப் எண், உயரம் ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களாகக் கட்டாயப்படுத்த முடிகிறதா என்று பாருங்கள். நாங்கள் இரண்டாவது வழியில்தான் போனோம். வரைபடம் தனியாக ஒரு கோப்பில் இருக்கிறது. முழுத் திருப்தி என்று சொல்ல மாட்டேன்.

கோளாறுக் குறியீடுகள் விஷயத்தில் ஆசைப்படாதீர்கள். எண்ணெய், எரிவாயுத் துறைக்காக எழுதப்பட்ட ஐஎஸ்ஓ 14224 என்ற தரநிலை இதை நன்றாகப் பிரித்துச் சொல்கிறது: எந்தப் பாகம், எப்படிப் பழுதானது, ஏன். அந்தப் பிரிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இருநூறு காரணங்கள் கொண்ட பட்டியலைக் கொடுத்தால், இரவு 2 மணிக்கு வேலையை முடித்துவிட்டு வரும் ஆள் ‘மற்றவை’ என்பதைத்தான் தொடுவார். அவரைக் குறை சொல்லவே முடியாது. பம்புக்கு ஒரு சிறு பட்டியல், ஃபேனுக்கு ஒன்று, வால்வுக்கு ஒன்று என்று ஒரே திரையில் அடங்குகிற அளவில் வையுங்கள். ‘மற்றவை’ அதிகமாக வரத் தொடங்கினால் பட்டியலைத் திருத்துங்கள்.

காலமுறைப் பராமரிப்பை நாள்காட்டி பார்த்துச் செய்யும் மென்பொருள் மின்நிலையத்துக்குப் போதாது. மில்லை ஓடிய மணிநேரத்தை வைத்துத்தான் திறக்கிறோம். கேஸ் டர்பைன் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: பெரிய ஃபிரேம் வகை டர்பைன்களில் கம்பஸ்ஷன் இன்ஸ்பெக்‌ஷன் 8,000 மணி, ஹாட் கேஸ் பாத் 24,000, மேஜர் 48,000 என்று போகும் கணக்கில், எத்தனை முறை ஸ்டார்ட் செய்தார்கள், எத்தனை முறை ட்ரிப் ஆனது என்பதும் சேரும். நிலக்கரி யூனிட்டுகளும் இப்போது பழையபடி ஒரே லோடில் ஓடுவதில்லை. பகலில் சோலார் மின்சாரம் கொட்டும்போது நாம் இறங்க வேண்டியிருக்கிறது. 2023-ல் மத்திய மின்சார ஆணையம் கொண்டுவந்த விதிமுறை, 40 சதவீத லோடு வரை இறங்கி ஓடும் திறனைக் கேட்கிறது. இப்படி ஏறி இறங்குவதில் ட்யூபும் வால்வும் ஃபேன் டேம்பரும் படும் பாட்டை நாள்காட்டி சொல்லாது. மணிநேரம், ஸ்டார்ட் எண்ணிக்கை, நாள்கணக்கு மூன்றில் எது முதலில் வருகிறதோ அப்போது வேலை எழ வேண்டும் என்று அமைக்க முடிகிறதா என்று கேளுங்கள். கூடவே சட்டப்படியான சோதனைகளும் இருக்கின்றன: பாய்லர் சான்றிதழ், கிரேன், செயின், ரோப்புகளுக்கு 12 மாதத்துக்கு ஒருமுறையாவது நடக்க வேண்டிய பரிசோதனை. இவை மட்டும் யாரும் தள்ளிப்போட முடியாதபடி தனி வகையாக இருக்க வேண்டும்.

ஓடிய மணிநேரம் கண்ட்ரோல் சிஸ்டத்தில் தானாகவே இருக்கிறது. அதை மென்பொருளுக்குக் கொண்டுவந்துவிட்டால் யாரும் கையால் அடிக்க வேண்டாம். ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே பாதுகாப்பு ஆட்களை முதல் நாளிலிருந்தே உட்கார வையுங்கள். 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் நிர்வாக வேலைக்காக இணையத்தோடு இணைந்திருந்த ஒரு கணினியில் மால்வேர் புகுந்ததை இந்திய அணுமின் கழகமே உறுதி செய்தது. முக்கியக் கட்டுப்பாட்டு அமைப்பு தனியாக இருந்ததால் அது பாதிக்கப்படவில்லை என்றும் சொன்னது. அந்தப் பிரிவினைதான் பாடம். பராமரிப்பு மென்பொருள் நிர்வாகப் பக்கத்து நெட்வொர்க்கில் இருப்பது, அதில் காண்ட்ராக்டர்களும் நுழைவார்கள். அதிலிருந்து கண்ட்ரோல் சிஸ்டத்துக்குப் போகும் பாதை எதுவுமே இருக்கக்கூடாது. தரவு ஹிஸ்டோரியன் (கண்ட்ரோல் சிஸ்டத்தின் அளவீடுகளைச் சேமிக்கும் கணினி) வழியாக ஒரு பக்கமாக மட்டும் வெளியே வர வேண்டும், திரும்பிப் போகக்கூடாது. ‘ஏபிஐ வைத்து நேராகவே இணைத்துவிடலாம்’ என்று ஒரு விற்பனையாளர் உற்சாகமாகச் சொன்னபோது எங்கள் சி அண்ட் ஐ பொறியாளர் அங்கேயே மறுத்துவிட்டார். அவர் செய்தது நூற்றுக்கு நூறு சரி. இதற்கான சாதனத்துக்குப் பணம் இல்லையென்றால் தினம் ஒரு முறை ஒருவர் மணிநேரங்களைக் கையால் பதிவதே மேல்.

ஸ்டோர்ஸ் பக்கம் வருவோம். 22230 என்ற ஸ்பெரிக்கல் ரோலர் பியரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். உள்விட்டம் 150 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 270, அகலம் 73. டேப்பர் துளையோடு எஸ்கேஎஃப் கொடுத்தால் 22230 சிசிகே/டபிள்யூ33 என்று வரும், எஃப்ஏஜி கொடுத்தால் 22230-இ1-கே என்று வரும். பழைய பட்டியலில் இவை இரண்டு தனிப் பொருட்கள், இரண்டு குறியீடுகள். அதே பியரிங் ‘ஃபேன் பியரிங்’ என்ற பெயரில் ஃபேன் தயாரித்த நிறுவனத்தின் பாக எண்ணோடு மூன்றாவதாகவும் கிடக்கும். ஒன்றில் இருப்பு பூஜ்யம் என்று அவசரக் கொள்முதல் போகும், அடுத்த ரேக்கில் அதே பியரிங் அட்டைப்பெட்டியில் தூங்கும். புது மென்பொருளுக்கு இந்தப் பட்டியலை அப்படியே ஏற்றினால் குப்பை இடம் மாறுமே தவிரக் குறையாது. ஏற்றுவதற்கு முன் சுத்தம் செய்யுங்கள். அதில் ஸ்டோர்ஸ்காரர் ஒருவர், மெக்கானிக்கல் பிரிவில் பழுத்த ஆள் ஒருவர், இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். வேலை ஆணை போடும்போதே தேவையான பொருள் ஒதுக்கப்பட்டு, இல்லையென்றால் கொள்முதல் கோரிக்கை (இண்டென்ட்) எழுகிறதா என்பதையும் மில் சோதனையிலேயே பார்த்துவிடலாம்.

மொபைல் செயலி பற்றி விற்பவர்கள் நிறையப் பேசுவார்கள். நாங்கள் டேப்லெட்டை, நிலக்கரி கொண்டுபோகும் கோல் ஹேண்ட்லிங் டனலுக்குள் எடுத்துப் போனோம். அங்கே வைஃபை கிடையாது, செல் சிக்னலும் கிடையாது, கரித்தூள் மட்டும் உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் பதிந்து, வெளியே வந்ததும் தானாக ஏறுகிறதா என்பதுதான் கேள்வி. ஒரு செயலி உள்ளே போனதும் சுற்றிக்கொண்டே இருந்தது, பதிந்த இரண்டு டிஃபெக்ட்டும் காணாமல் போயின. இன்னொன்று சரியாக வேலை செய்தது. ஆனால் அதன் பொத்தான்கள் சின்னச் சின்னதாக இருந்தன. எங்கள் மூத்த ஃபிட்டர் ஒருவர் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, விற்பனை நிறுவனத்திலிருந்து வந்த இளைஞரிடம், ‘தம்பி, கையில கிளவுஸ் இருக்கு, இதுல எங்க தொடறது? இதைப் பார்க்க நான் கண்ணாடி வேற போடணும்’ என்றார். அந்த இளைஞர் குறித்துக்கொண்டு போய், அடுத்த முறை வரும்போது எழுத்தைப் பெரிதாக்கி, தேவையில்லாத கட்டங்களை மறைத்து, திரைப் பெயர்களைத் தமிழிலும் மாற்றிக் கொண்டுவந்தார். அந்த நிறுவனத்தின் மேல் எங்களுக்கு நம்பிக்கை வந்தது அன்றைக்குத்தான். எல்லா மென்பொருளிலும் குறை இருக்கும். சொன்னால் கேட்டுச் சரிசெய்யும் ஆட்கள் எந்தப் பக்கம் இருக்கிறார்கள் என்பதுதான் பார்க்க வேண்டியது.

தமிழ்த் திரை என்றவுடன் குழுவில் சிலர் அது தேவையா என்றார்கள். டிஃபெக்ட்டை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் ஃபீல்டில் சுற்றும் ஆப்பரேட்டரும் ஹெல்ப்பரும்தான். ‘மில் பக்கத்துல சத்தம் வித்தியாசமா இருக்கு’ என்று அவர் தமிழில் எழுதினாலும், குரலில் பதிந்தாலும், ஒரு போட்டோ எடுத்தாலும் அது எங்களுக்குத் தங்கம். ஆங்கிலத்தில் எழுதத் தயங்கி அவர் சும்மா இருந்துவிட்டால் நஷ்டம் நிலையத்துக்கு. யுனிகோட் தமிழில் அடித்த வார்த்தையைத் தேடினால் கிடைக்கிறதா, ரிப்போர்ட்டில் பிரிண்ட் எடுத்தால் எழுத்து உடையாமல் வருகிறதா என்பதையும் பாருங்கள். சில மென்பொருளில் திரையில் சரியாக இருப்பது பிடிஎஃப்-ல் கட்டம் கட்டமாக வந்தது.

இதோடு சேர்ந்ததுதான் லைசன்ஸ். பெயர் வாரியாக லைசன்ஸ் என்றால் ஷிப்ட் வேலை நடக்கும் இடத்தில் செலவு எகிறிவிடும். நான்கு ஷிப்ட் ஆட்களில் ஒரு நேரத்தில் உள்ளே இருப்பது ஒரு பகுதியினர்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேர் என்ற கணக்கில் கிடைக்குமா என்று கேளுங்கள். மாக்சிமோ இப்போது புள்ளிகள் கணக்கில் விற்கப்படுகிறது, அதையும் உங்கள் ஷிப்ட் முறைக்கு வைத்துப் போட்டுப் பாருங்கள். காண்ட்ராக்ட் தொழிலாளர்களுக்கு லைசன்ஸ் எதற்கு என்று நிதித்துறை கேட்கும். பராமரிப்பு வேலையில் பெரும்பகுதியைக் கையால் செய்பவர்கள் அவர்கள்தான் என்று நாங்கள் பதில் சொன்னோம். டிஃபெக்ட் பதிவது மட்டும் இலவசமாகவோ மலிவாகவோ கிடைக்கும்படி பேசி வாங்கினோம்.

விலையில் லைசன்ஸ் என்பது முன்னால் தெரியும் பகுதி. டேட்டா சுத்தம், அமைத்துக் கொடுக்கும் கூலி, பயிற்சி, வருடாவருடம் சப்போர்ட் கட்டணம் எல்லாம் பின்னால் வரும். நம் சர்வரில் போடும் மென்பொருளென்றால் சப்போர்ட் மட்டுமே ஆண்டுக்கு லைசன்ஸ் விலையில் ஐந்தில் ஒரு பங்கை ஒட்டிப் போவது வழக்கம். அதனால் பத்து வருடக் கணக்கைப் போட்டு ஒப்பிடுங்கள். பதிப்பின் ஆயுளையும் கேளுங்கள்: சாப்பின் பழைய இசிசி பதிப்புக்கு வழக்கமான ஆதரவு 2027 முடிவோடு முடிகிறது, அதில் இருப்பவர்கள் எல்லோரும் அடுத்ததுக்கு மாற வேண்டும். மின்நிலையம் இருபத்தைந்து, முப்பது வருடம் ஓடுகிற சொத்து. இடையில் மென்பொருள் மாறியே தீரும். அப்போது நம் வரலாறு முழுவதையும், போட்டோக்கள் உட்பட, நாமே படிக்கக்கூடிய வடிவத்தில் எடுத்துக்கொள்ளும் உரிமை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். கிளவுடில் வைப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

சின்ன நிலையத்துக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து இருபது மெகாவாட் பயோமாஸ் அல்லது கோஜெனரேஷன் யூனிட் என்றால் மேலே சொன்ன பெரிய மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. இஆர்பிநெக்ஸ்ட் மாதிரி ஒன்றை வைத்து, பெர்மிட்டை நல்ல காகித முறையிலேயே தொடரலாம். அரைகுறை டிஜிட்டல் பெர்மிட்டைவிட ஒழுங்கான காகிதப் பெர்மிட் பாதுகாப்பானது.

வேறு நிலையம் எதிலாவது தங்கள் மென்பொருளைப் பயன்படுத்துவதைப் பார்க்க விற்பவர்கள் கூட்டிப் போவார்கள். கட்டாயம் போங்கள். கான்ஃபரன்ஸ் ஹாலில் மேலாளர் காட்டும் வரைபடங்களைப் பார்த்துவிட்டு, டீ குடித்த பிறகு கண்ட்ரோல் ரூமுக்கும் ஸ்டோருக்கும் போகலாமா என்று கேளுங்கள். டெஸ்க்கில் இருக்கும் பொறியாளரிடம், ‘நேற்று ராத்திரி கடைசியாக வந்த டிஃபெக்ட்டைக் காட்டுங்கள்’ என்று சொல்லுங்கள். மேஜையில் தனியாக ஒரு நோட்டு இருந்து, உண்மையான தகவல் அதில் இருந்தால் அந்த மென்பொருள் அங்கே வேர் பிடிக்கவில்லை. நாங்கள் போன ஓரிடத்தில் அப்படித்தான் இருந்தது. அங்கே இருந்தவர்கள் அதை மறைக்கவும் இல்லை. இரண்டு இடத்திலும் எழுத வேண்டியிருக்கிறது என்று வருத்தமாகத்தான் சொன்னார்கள். எங்கள் நிலையத்தில் புது மென்பொருள் ஓடத் தொடங்கியதும் பழைய டிஃபெக்ட் ரெஜிஸ்டரை அதே வாரம் நிறுத்திவிட வேண்டும் என்று குழு பிடிவாதமாக இருந்ததற்கு அந்தப் பயணம்தான் காரணம். சர்வர் நின்றால் எழுத அச்சடித்த படிவம் மட்டும் வைத்திருக்கிறோம்.

ஓடத் தொடங்கிய பிறகு நிர்வாகம் எண்கள் கேட்கும். மூடிய வேலை ஆணைகளின் எண்ணிக்கையை மட்டும் மாதாந்திரக் கூட்டத்தில் காட்டாதீர்கள். காட்டினால், வேலை முடியாமலே ஆணைகள் மூடப்படும், மாத முடிவில் எண்ணிக்கை மட்டும் அழகாக இருக்கும். திட்டமிட்டுச் செய்த வேலைக்கும் பிரேக்டவுனில் செய்த வேலைக்கும் உள்ள விகிதம், மூடிய பிறகு அதே கோளாறு திரும்ப வந்த கருவிகள், இந்த இரண்டையும் பாருங்கள். இரண்டாவது பட்டியல்தான் எங்களுக்கு அதிகம் சொல்லிக்கொடுக்கிறது.

பணம் கொடுக்கும் தவணைகளைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். மென்பொருள் ‘கோ லைவ்’ ஆனதும் பெரும்பகுதிப் பணம் போய்விடும்படிதான் விற்பவர்கள் ஒப்பந்தம் கொண்டுவருவார்கள். சாதாரண நாட்களில் எந்த மென்பொருளும் ஓடும். ஓவர்ஹாலில், ஆயிரக்கணக்கான வேலைகள் ஒன்றின் மேல் ஒன்றாக எழும்போது, ஒரே இரவில் பெர்மிட்டுகள் குவியும்போது, பிரைமவெரா என்ற திட்டமிடல் மென்பொருளில் போட்ட அட்டவணையும் வேலை ஆணைகளும் ஒத்துப்போக வேண்டியிருக்கும்போதுதான் அதன் நிஜமான பலம் தெரியும். அதனால் கடைசித் தவணையை, ஒரு முழு ஓவர்ஹாலை இந்த மென்பொருளிலேயே தொடங்கி முடித்து, யூனிட் மறுபடி கிரிட்டில் சேர்ந்த பிறகுதான் கொடுப்போம் என்று எழுதுங்கள். எங்கள் ஒப்பந்தத்தில் இந்த வரி இருந்ததால், ஓவர்ஹால் முழுக்க அந்த நிறுவனத்தின் ஆட்கள் இருவர் பிளானிங் செல்லிலேயே ஷிப்ட் போட்டு உட்கார்ந்திருந்தார்கள்.